விளம்பரத் தடுப்பான் போடுவது முறையா? தமிழ்த் தளங்கள் படிக்கும் அம்மாவுக்காக ஒரு கேள்வி

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா எழுபதை நெருங்குபவர். காலையில் காப்பி குடித்த கையோடு கைபேசியை எடுத்து, இரண்டு மூன்று தமிழ்ச் செய்தித் தளங்களையும், பஞ்சாங்கமும் ராசிபலனும் வெளியிடும் ஒரு தளத்தையும் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். கைபேசி விலை குறைந்த ஆண்ட்ராய்டு வகை, நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா தரும் ப்ரீபெய்டு திட்டம்.

அவர் எப்படிப் படிக்கிறார் என்பதை அண்மையில் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒரு செய்தியைத் தொட்டதும் தலைப்புக்கும் முதல் பத்திக்கும் இடையே ஒரு விளம்பரம். திரையின் அடியில் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றொன்று. ஓரத்தில் கேட்காமலேயே ஓடத் தொடங்கும் ஒரு காணொளி. எஞ்சிய இடத்தில் அவருடைய பெரிய எழுத்தில் மூன்று நான்கு வரிகள்தாம் தெரிகின்றன. மூடுவதற்கான பெருக்கல் குறியோ எள்ளளவுதான், அதுவும் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறம். அதைத் தொடப் போகும் நேரத்தில் மேலே இன்னொரு விளம்பரம் தாமதமாக வந்து இறங்க, பக்கம் முழுவதும் கீழே தள்ளப்பட்டு, விரல் விளம்பரத்தின் மேலேயே படுகிறது. உடனே ஏதோ ஒரு கடன் செயலியை நிறுவச் சொல்லும் பக்கம் திறக்கிறது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலும் முந்தைய பக்கம் வருவதில்லை; "நீங்கள் விரும்பக்கூடியவை" என்ற தலைப்பில் மூட்டுவலித் தைலமும் நடிகைகளின் பழைய படங்களும் நிறைந்த வேறொரு பட்டியல் வந்து நிற்கிறது.

இதைவிட என்னைக் கலங்கச் செய்தது வேறொன்று. எந்தத் தளத்தையும் திறக்காத வேளையிலும், "உங்கள் கைபேசியில் வைரஸ் உள்ளது, உடனே நீக்குங்கள்" என்று அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. வங்கியில் உள்ள ஓய்வூதியப் பணம் போய்விடுமோ என்று அவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நான் கேட்க விரும்புபவை இவை. அவருடைய கைபேசியில் இதையெல்லாம் நிறுத்த, பின்னால் நான் அடிக்கடி கைவைக்கத் தேவையில்லாத வழி எது? என் கணினியில் குரோம் உலாவியில் பல ஆண்டுகளாக இருந்த விளம்பரத் தடுப்பானை உலாவியே முடக்கிவிட்டதே, அது ஏன்? கடைசியாக, தொழில்நுட்பத்தைச் சாராத ஒரு கேள்வி. அம்மா படிக்கும் தளங்களுக்கு நாங்கள் காசு எதுவும் கொடுப்பதில்லை. விளம்பரத்தையும் தடுத்துவிட்டால், பிறர் உழைப்பை இனாமாக எடுத்துக்கொள்வதாகாதா? இதில் எனக்கு உண்மையாகவே தெளிவில்லை.

முனையம் எழுதியது:

முதலில் அந்த வைரஸ் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் விளம்பரத் தடுப்பான் எதைப் போட்டாலும் அவை தாமாக நிற்க மாட்டா. ஏதோ ஒரு தளம் "அறிவிப்புகளை அனுப்பலாமா" என்று கேட்டபோது, செய்தியைப் படிக்க அதுதான் வழி என்று எண்ணி அவர் "அனுமதி" என்பதைத் தொட்டிருப்பார். அதன் பிறகு அந்தத் தளத்தைத் திறக்காவிட்டாலும் உலாவியின் வழியாக அது எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். அடுத்த முறை அப்படியோர் அறிவிப்பு வரும்போது அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அதை அனுப்பும் தளத்தின் பெயர் தெரியும், அங்கேயே அணைத்துவிடலாம். அல்லது குரோமின் அமைப்புகளில் தள அமைப்புகள் என்ற பகுதிக்குள் அறிவிப்புகள் என்பதைத் திறந்து, அனுமதி பெற்ற தளங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். கைபேசியில் வைரஸ் எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்றாலும், அந்த அறிவிப்புகளைத் தொட்டு ஏதேனும் "சுத்தம் செய்யும்" செயலியை அவர் நிறுவியிருக்கிறாரா என்பதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரங்களுக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் உள்ள குரோம் நீட்சிகளை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களை, ஏற்பதில்லை. ஆகவே உலாவியை மாற்ற வேண்டியிருக்கும். ஃபயர்பாக்ஸை நிறுவி, அதற்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்து, அம்மா படிக்கும் தளங்களின் குறுக்குவழிகளை முகப்புத் திரையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால், உலாவி மாறியதே அவருக்குத் தெரியாது. அந்த நீட்சியின் அமைப்புகளில் வடிகட்டிப் பட்டியல்கள் என்ற பக்கத்தில், வட்டாரம், மொழி என்ற தலைப்பின் கீழ் இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் தேர்ந்தெடுங்கள். பொதுவான பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தளங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. தமிழ், தெலுங்கு, இந்தித் தளங்களின் உள்ளூர் விளம்பரக் கட்டங்களைக் கண்டறிந்து சேர்ப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்தாம்.

தடுப்பான் செய்வது இரண்டு வேலைகள். பக்கம் திறக்கும்போது உலாவி எந்தெந்த முகவரிகளுக்குக் கோரிக்கை அனுப்புகிறது என்று பார்த்து, பட்டியலில் உள்ள விளம்பர முகவரிகளுக்குப் போகும் கோரிக்கைகளைக் கிளம்புவதற்கு முன்பே நிறுத்துவது ஒன்று. டேட்டா மிச்சமாவது இதனால்தான். பக்கத்தில் வெறுமையாக நிற்கும் கட்டங்களை மறைப்பது மற்றொன்று. குரோமில் நடந்த மாற்றம் முதல் வேலையைத் தொட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து முடிவெடுக்க முடிந்தது. மேனிஃபெஸ்ட் 3 என்று அழைக்கப்படும் புதிய விதிகளின்படி, நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும், முடிவெடுப்பது உலாவி. பழைய முறையில் இயங்கிய நீட்சிகளை 2024 ஜூனிலிருந்து குரோம் படிப்படியாக முடக்கத் தொடங்கியது, 2025-இல் அந்த வேலை முடிந்தது. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இது தேவை என்பது கூகுளின் விளக்கம். அந்த விளக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; கண்ட கண்ட நீட்சிகள் எல்லாக் கோரிக்கைகளையும் பார்ப்பது ஆபத்துதான். ஆனால் 2023-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருவாயில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது என்பதையும், அதே நிறுவனம்தான் உலகில் மிகுதியாகப் பயன்படும் உலாவியின் விதிகளை எழுதுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குரோமிலேயே தொடர விரும்பினால் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருக்கப்பட்ட வடிவம் இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதும். முழு வலிமையுடன் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ்தான்.

பெயரைக் கவனமாகப் பார்த்து நிறுவுங்கள். விளம்பரத் தடுப்பான் என்ற பெயரிலேயே உளவு பார்க்கும் நீட்சிகளும் உண்டு. யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட ஏற்பதில்லை. மிகப் பழைய பெயரான ஆட்பிளாக் பிளஸ் வேறு வகை. அதை நடத்தும் ஜெர்மானிய நிறுவனம் 2011 முதல் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு திட்டம் வைத்து, தொந்தரவில்லாதவை என்று கருதப்படும் விளம்பரங்களை அனுமதிக்கிறது. அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகிறது. பயனர் விரும்பினால் அதை அணைக்கலாம் என்றாலும், வாயிற்காவலரே நுழைவுக் கட்டணம் வாங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களையும் குறைக்க வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாக் கைபேசிகளிலும் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்வதுதான் டிஎன்எஸ்; விளம்பர முகவரிகளுக்கு விடை சொல்ல மறுக்கும் டிஎன்எஸ் சேவை ஒன்றின் பெயரை அங்கே எழுதிவிட்டால் போதும். இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. அந்தச் சேவை சற்றுத் தடைபட்டாலும் கைபேசியில் இணையமே இல்லாதது போலாகிவிடும், தொலைவில் இருந்துகொண்டு நீங்கள் அதைச் சரிசெய்ய முடியாது. மேலும், அவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார் என்பதை அந்தச் சேவை நடத்துபவர் பார்க்க முடியும். யூடியூப் விளம்பரங்களை இது தடுக்காது. காணொளியும் விளம்பரமும் ஒரே வழங்கிகளிலிருந்து (சர்வர்களிலிருந்து) வருவதால் ஒன்றை மறுத்தால் மற்றதும் நின்றுவிடும். அம்மாவுக்கு ஃபயர்பாக்ஸ் மட்டும் போதும் என்பதே என் கருத்து.

சிற்றிதழ்க்காரன் எழுதியது:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, தளம் நடத்தும் ஒருவனாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஊர் வரலாறு, ஏரி குளங்கள், கல்வெட்டுகள் பற்றித் தமிழில் ஒரு சிறிய தளம் வைத்திருக்கிறேன். தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை முறையாக ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழ்ப் பதிவர்கள் ஆங்கிலப் பக்கங்களைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, அஞ்சி அஞ்சித் தமிழ்ப் பக்கங்களில் விளம்பரம் போட்ட காலம் ஒன்று இருந்தது. அனுமதி வந்தபோது, எழுத்தால் வழங்கிக் கட்டணமாவது தேறும் என்று நாங்கள் மகிழ்ந்தது உண்மை.

தேறிய தொகை எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளம்பரதாரர் தரும் தொகையில் ஏறக்குறைய 68 விழுக்காடு தளத்துக்கு வருவதாகக் கூகுள் சொல்கிறது. அந்தப் பங்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் ஒரு விளம்பர இடத்துக்கு விளம்பரதாரர்கள் ஏலத்தில் கேட்கும் விலையே அடிமட்டத்தில் இருக்கிறது. கணக்கில் 100 டாலர் சேரும் வரை பணம் வராது. சிறிய தளங்கள் அந்த 100 டாலருக்காகக் காத்துக்கொண்டே ஓய்ந்துபோகின்றன. இதன் விளைவு என்னவென்றால், ஒரு பக்கத்தில் இரண்டு விளம்பரம் போட்டுக் கிடைக்காத பணத்தை ஏழு எட்டு போட்டுப் பெறப் பார்க்கிறார்கள். வாசகர் எரிச்சலடைந்து தடுப்பான் போடுகிறார். அவரால் குறைந்த வருவாயை, தடுப்பான் போடத் தெரியாத உங்கள் அம்மா போன்றவர்களிடம் ஈடுகட்டுகிறார்கள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் தடுப்பான் போட்டுக்கொண்டால், தெரியாதவர்களின் திரை இன்னும் நெருக்கடியாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதே வேளையில் என் தரப்பினர் சொல்லும் ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். "எந்த விளம்பரம் வருகிறது என்பது எங்கள் கையில் இல்லை" என்பார்கள். பாதிதான் உண்மை. குறிப்பிட்ட ஒரு விளம்பரத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லைதான். ஆனால் சூதாட்டம், உடல் எடைக் குறைப்பு, விரைவில் பணக்காரராவது எப்படி என்பன போன்ற வகைகளை மொத்தமாக மறுக்க ஆட்சென்ஸ் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது குறுக்கே வரும் முழுத்திரை விளம்பரமும், அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் தானியங்கி விளம்பரங்கள் என்ற அமைப்பின் தனித்தனிச் சொடுக்கிகள். எத்தனை விளம்பரம் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் அங்கேயே ஓர் இழுவைப் பட்டை இருக்கிறது. அதைக் கடைசிவரை இழுத்து வைத்தவர் தளத்தின் உரிமையாளர்தான், வேறு யாரும் அல்லர். பின்செல்லும் பொத்தானைக் கடத்தி வேறு பட்டியலுக்குக் கொண்டுபோவதோ ஆட்சென்ஸைச் சேர்ந்ததுகூட அல்ல. அதற்கென்று தனியாக ஒரு நிறுவனத்திடம் நிரல் வாங்கி ஒட்டினால்தான் அது நடக்கும். அப்படிச் செய்த தளத்துக்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை.

என் வேண்டுகோள் இவ்வளவுதான்: தடுப்பானைப் போடுங்கள், ஆனால் அதை நிறுவியதோடு மறந்துவிடாதீர்கள். நாகரிகமாக நடந்துகொள்ளும் தளங்களுக்கு விலக்குக் கொடுங்கள். அப்படியொரு விலக்கு எனக்குக் கிடைத்தால், இரண்டு விளம்பரத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு ஒரு பயன் இருந்தது என்றாவது தோன்றும்.

வடகாற்று எழுதியது:

சிற்றிதழ்க்காரன் அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆனாலும் "நாகரிகமான தளத்துக்கு விலக்கு" என்பதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் தளத்தின் நாகரிகம் அதன் பக்க வடிவமைப்போடு நின்றுவிடுகிறது. இரண்டே விளம்பரம் என்றாலும், அந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன?

வலையின் முதல் பட்டை விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற தளத்தில் வெளியாயின. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றில் ஒன்று. ஒரு படம், ஓர் இணைப்பு. எல்லாருக்கும் ஒரே படம்தான். பார்ப்பவர் யார் என்று அது கேட்கவில்லை. செய்தித்தாளின் வரி விளம்பரத்தைப் போலத்தான். இன்றைய விளம்பரக் கட்டமோ வெறும் இடம். பக்கம் திறக்கும் அந்த நொடியில் அது ஏலத்துக்குப் போகிறது. எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள், எந்த வகைக் கைபேசி, ஏறக்குறைய எந்த ஊர், உங்களுக்கென்று இட்டு வைத்திருக்கும் அடையாள எண் எது என்னும் விவரங்கள் பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டு, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் விலை கேட்கப்பட்டு, வென்றவர் அனுப்புவது உங்கள் திரையில் வந்து இறங்குகிறது. தோற்றவர்களுக்கும் அந்த விவரங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. வென்றவர் அனுப்புவதும் பல வேளைகளில் படம் மட்டும் அல்ல, உங்கள் கருவியில் ஓடும் நிரல். தளத்தின் உரிமையாளர் அதைப் பார்த்ததே இல்லை.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், உங்கள் அம்மாவுக்கு வந்த அதே வைரஸ் மிரட்டலே இருக்கிறது. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்தில், ஓர் இணையத் தொலைபேசி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இடம் வாங்கியவர்கள், முதலில் ஒழுங்கான விளம்பரத்தைக் காட்டிவிட்டு, வாரக் கடைசியில் அதை மாற்றிப் போலி வைரஸ் எச்சரிக்கையை வாசகர்களின் திரையில் ஓடவிட்டார்கள். 2016 மார்ச்சில் அதே தளம், பிபிசி, ஏஓஎல் முதலான பெரிய தளங்களில், விளம்பர வலைப்பின்னல்களின் வழியாகவே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பரவியது. வாசகர்கள் எந்த இணைப்பையும் தொட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பழைய மென்பொருள் உள்ள கணினியில் பக்கம் திறந்ததே போதுமானதாக இருந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, நிறுவனங்களின் பெயரில் மோசடிக்காரர்கள் தேடுபொறி விளம்பரங்களை வாங்குவதை எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு நாட்டின் புலனாய்வு அமைப்பே பரிந்துரைக்கும் ஒன்றைத் திருட்டு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

பாப்-அப் சாளரங்களின் கதையையும் நினைவூட்ட வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற தளத்தில் பணியாற்றிய ஈதன் சுக்கர்மன் அதற்கான நிரலை எழுதியவர். ஆபாசப் பக்கம் ஒன்றில் தங்கள் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு கார் நிறுவனம் பதறியதால், பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் விளம்பரத்தைக் காட்டும் வழியாக அது பிறந்தது. 2014-இல் அவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2004-இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 1.0-இலும் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் பாப்-அப் தடுப்பு உள்ளேயே இருந்தது. அன்றும் தளங்கள் பாப்-அப் விளம்பரங்களை நம்பிப் பிழைத்தன. அன்று எந்த வாசகரும் திருடர் என்று அழைக்கப்படவில்லை. குரோமே 2018 பிப்ரவரி 15 முதல், கைபேசிப் பக்கத்தின் உள்ளடக்க உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் நிரப்பும் தளங்களிலும், ஒலியோடு தானாக ஓடும் காணொளிகளைப் போடும் தளங்களிலும், எச்சரித்த பிறகும் திருந்தாவிட்டால் விளம்பரங்களை வடிகட்டுகிறது. ஆக, தடுப்பது தவறா என்பதில் எல்லாரும் எப்போதோ ஒத்துப்போய்விட்டார்கள். கோட்டை யார் கிழிப்பது என்பதில்தான் சண்டை. என் கருவிக்குள் எந்த நிரல் ஓடலாம் என்ற கோட்டை நான்தான் கிழிப்பேன்.

சிற்றிதழ்க்காரனின் தளத்துக்கு உதவ வேண்டுமா, யுபிஐ வழியாக ஆண்டுக்கு ஒரு தொகை அனுப்பிவிடலாம். தமிழ்ப் பக்கத்துக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையைப் பார்த்தால், ஒரு வாசகர் ஆண்டு முழுவதும் விளம்பரம் பார்த்துத் தருவதை விட அது கூடுதலாகவே இருக்கும்.

மனுதாரர் எழுதியது:

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஒரு தளத்தின் பயன்பாட்டு விதிகளை மீறுவது வேறு. 2023-இல் யூடியூப் செய்தது போல, தடுப்பானை அணைக்காவிட்டால் காணொளியைக் காட்ட மாட்டோம் என்று அந்தத் தளம் மறுக்கலாம். ஜெர்மனியில் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஆட்பிளாக் பிளஸுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அது நேர்மையற்ற போட்டி ஆகாது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமை மீறலா என்ற தனி வழக்கை அதே நீதிமன்றம் 2025 ஜூலையில் மறு விசாரணைக்காக ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பதால், அங்கே விவாதம் முற்றுப்பெறவில்லை.

கேட்டவர் தம் தரப்பை மட்டும் நியாயப்படுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை; எதிர்த்தரப்புக்கும் கடமைகள் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பயனரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைத் தடை செய்கின்றன. செய்தியைப் போலவோ பிற உள்ளடக்கத்தைப் போலவோ வேடமிட்ட விளம்பரம் அவற்றில் ஒன்று. ஓயாமல் குறுக்கிட்டு நச்சரிப்பது ஒன்று. கருவியில் வைரஸ் இருப்பதாக மிரட்டிப் போலியான நீக்கும் கருவியை விற்பது இன்னொன்று. உங்கள் அம்மாவின் திரையில் இந்த மூன்றுமே இருந்திருக்கின்றன. இதோடு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரங்களை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது; அத்தகையது கண்ணில் பட்டால் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். மிரட்டலை நம்பி யாரேனும் பணம் கட்டிவிட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். ஒரு புகாரால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் பதிவாகாத குறை அரசின் கணக்கில் இல்லாத குறை என்பது என் அனுபவம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அறிவிப்புகளை நிறுத்திவிட்டேன், அனுமதிப் பட்டியலில் நாங்கள் கேள்விப்பட்டே இராத தளங்கள் நிறைய இருந்தன. ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டாகிவிட்டது, இந்தியன்லிஸ்ட்டையும் சேர்த்துவிட்டேன். ராசிபலன் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்களா என்று அம்மா கேட்டார். விளம்பரங்களுக்கு நடுவே அது மிக நீளமான பக்கமாக இதுவரை தெரிந்திருக்கிறது.

வடகாற்று சொல்வது சரியென்றே படுகிறது என்றாலும், விளம்பரத்தை முழுதாக மறுத்துவிட்டு எல்லாத் தளங்களுக்கும் பணம் அனுப்புவது எங்களால் ஆகாது. பின்செல்லும் பொத்தானைக் கடத்தும் செய்தித் தளத்துக்கு விலக்குக் கிடையாது. அளவோடு விளம்பரம் போடும் இன்னொன்றுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது? இன்னொன்று, பஞ்சாங்கத் தளம் இப்போது "விளம்பரத் தடுப்பானை அணைத்தால்தான் படிக்கலாம்" என்று முழுத்திரையில் மறிக்கிறது. என்ன செய்யலாம்?

முனையம் எழுதியது:

விலக்கு எளிது. அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபயர்பாக்ஸின் பட்டியில் நீட்சிகள் என்பதற்குள் யூபிளாக் ஆரிஜினைத் தொட்டால், நீலநிறத்தில் பெரிய மின்பொத்தான் ஒன்று தெரியும். அதை ஒரு தடவை அழுத்திவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். மற்ற தளங்களில் வழக்கம்போல இயங்கும். நீங்களே திரும்ப அழுத்தும் வரை அது நினைவில் இருக்கும். விலக்குக் கொடுத்த தளத்தை அவ்வப்போது எட்டிப் பாருங்கள், இழுவைப் பட்டையை யாரேனும் கூட்டி வைத்திருக்கலாம்.

மறிக்கும் சுவரைப் பொறுத்தவரை, முதலில் வடிகட்டிப் பட்டியல்களைப் புதுப்பித்துப் பாருங்கள். பல சுவர்கள் அதிலேயே போய்விடும். போகாவிட்டால், காசோ விளம்பரமோ இல்லாமல் காட்ட மாட்டேன் என்று சொல்ல அந்தத் தளத்துக்கு உரிமை இருக்கிறது என்பதே என் நிலைப்பாடு. அதை உடைக்கும் தந்திரங்களை நான் அம்மாவின் கைபேசியில் ஏற்ற மாட்டேன், ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று பழுதாகி உங்களுக்குத்தான் தொலைபேசி வரும். திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் நாட்காட்டித் தாளிலேயே இருக்கின்றன. ராசிபலன்தான் வேண்டுமென்றால், மறிக்காத தளங்கள் எத்தனையோ உண்டு. ஒன்றைப் பார்த்துக் குறுக்குவழியை மட்டும் மாற்றி வைத்துவிடுங்கள்.